உடைந்த உள்ளமும் உடன் உட்காருகிறவர்களும்



இந்த மாதப் பாடத்தை ஒரு பிழையை அறிக்கைசெய்து ஆரம்பிக்கிறேன். பிழை செய்தது வேறு யாருமல்ல, நான்தான்.

2004-ம் வருஷம் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணியளவில் கடல் எழும்பி நாகப்பட்டினம் கரைக்குள் வந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் சபையார் ஒரு வேன் நிறைய அரிசி, பாய், போர்வை ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே ஒரு முகாமில் சுவரோரமாய் ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். நாலு வயது மகனைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்கம்மா, பிள்ளை ஆண்டவர்கிட்ட சந்தோஷமா இருக்கான், நீங்க தைரியமா இருக்கணும்" என்று சொல்லி, சத்தமாய் ஜெபமும் பண்ணினேன்.

அவள் தலையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சிஸ்டர், நீங்க புள்ளயப் பறிகுடுத்திருக்கீங்களா?"

என் வாய் அடைத்துப்போயிற்று. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் எங்கள் வேன் வந்ததைக் கண்டதும் எழுந்து கட்டடத்துக்குப் பின்னால் போய்விட்டாள். நானோ ஊர் திரும்பி, அடுத்த ஞாயிறு ஆராதனையில், "அநேகரை ஆறுதல்படுத்திவிட்டு வந்தோம்" என்று சாட்சி சொன்னேன். சபை கைதட்டிற்று. என் இருதயம் மட்டும் கைதட்டவில்லை.

அந்த வருஷம் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தார் சுனாமிப் பகுதிகளில் சேவை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஒரு பயிற்சியில் நானும் உட்கார்ந்தேன். பிறகு முறையாய்ப் படித்து, இன்றுவரை மனநல ஆலோசகராகப் பணிசெய்து வருகிறேன். அந்தத் தாயையும் அவள் புருஷனையும் மறுபடியும் சந்தித்தேன். அவர்கள் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி இதை எழுதுகிறேன். அவர்களிடம் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இதுதான்: மனக்காயம் விசுவாசக் குறைவு அல்ல. அது சரீரத்தையும், மனதையும், உறவையும், ஆத்துமாவையும் சேர்த்தே தாக்குகிறது. ஆகையால் சுகமும் இந்த நாலு வாசல் வழியாகவும் வரவேண்டும்.

1. மனக்காயம் என்றால் என்ன?

கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். மனம் முறிந்தால், "ஜெபத்தில் குறைவு" என்கிறோம். இது நியாயமா? சிந்தித்துப் பாருங்கள்.

உயிருக்கு ஆபத்து என்று கண்டவுடனே மூளையில் ஒரு அபாய மணி அடிக்கிறது. அமிக்டலா என்கிற சின்னஞ்சிறு பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அட்ரினலின் சுரக்கிறது, இருதயம் படபடக்கிறது, கைகால் முறுக்கேறுகிறது. ஓடித் தப்புவதற்காகவே சரீரத்தில் இந்த ஏற்பாடு. ஆபத்து போனதும் மணி ஓயவேண்டும். சிலருக்கு அது ஓய்வதில்லை. தண்ணீர் வடிந்துபோயிற்று, ஆனால் சரீரம் இன்னும் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது!

இதை எப்படி அறிந்துகொள்வது? அந்தக் காட்சி கேளாமலே கண்முன் வரும். கெட்ட சொப்பனங்கள் எழுப்பிவிடும். அந்த இடத்தையும் அந்தப் பேச்சையும் தவிர்ப்பார்கள். சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவார்கள். காரணமில்லாமல் கோபம் வரும், அல்லது ஒன்றுமே உணராமல் மரத்துப்போவார்கள். சம்பவம் நடந்த நாட்களில் இவை வருவது இயல்புதான். அநேகருக்கு நாளடைவில் தானாகவே குறையும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அதை நோய் என்றே எண்ணவேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-ல் தங்கள் நோய்ப் பட்டியலில் இதற்கு ஒரு பெயரும் கொடுத்தார்கள். பி.டி.எஸ்.டி. என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லுவது இதைத்தான்.

சுனாமி மட்டும்தான் மனக்காயம் உண்டாக்கும் என்று நினையாதிருங்கள். விபத்து, வீட்டுக்குள் அடி உதை, சிறுவயதில் நம்பின ஒருவர் செய்த அசிங்கம், கண்முன்னே ஒரு மரணம், இவையெல்லாம் இதே காயத்தை உண்டாக்கும். நம்முடைய சபையிலேயே, நமக்குப் பக்கத்துப் பாயிலேயே, இப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்திருக்கலாம்.

2. முதலாவது, சரீரம்

நான் மறுபடியும் போனபோது அந்தக் குடும்பம் தார்ச்சீட்டுக் கொட்டகையில் இருந்தது. பகலில் உள்ளே அடுப்புபோல் கொதிக்கும். புருஷன் தொழிலுக்குப் போகவில்லை. ராத்திரியெல்லாம் வாசலில் உட்கார்ந்து கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். விடியற்காலையில் குடித்துவிட்டுத் தூங்குவான். அவளோ ஒருவேளை சாப்பிட்டால் இரண்டு வேளை சாப்பிடமாட்டாள்.

முன்புபோல் இருந்தால் நான் உடனே பிரசங்கம் பண்ணியிருப்பேன். இந்தமுறை, "தம்பி, எத்தனை மணிநேரம் தூங்குறீங்க? என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். அவன் ஆச்சரியப்பட்டான். அதுவரைக்கும் ஒருவரும் அவனிடம் அதைக் கேட்டதில்லையாம்.

வேதத்தில் எலியாவின் சம்பவத்தைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). பெரிய தீர்க்கதரிசி! சூரைச்செடியின் கீழே விழுந்து, சாகவேண்டும் என்று கேட்டான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொண்டாரா? இல்லை. தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டியெழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கினான், மறுபடியும் சாப்பிட்டான். நீ இங்கே ஏன் வந்தாய் என்கிற விசாரணை அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. உபவாசம் நல்லது. ஆனால் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் துவண்டு கிடக்கிறவனை மூன்று நாள் உபவாசத்துக்கு உட்காரவைப்பது ஞானமல்ல.

சரீரத்தின் அபாய மணியை அமர்த்த எளிய வழிகள் உண்டு. நாலு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாய் வெளியே விடுங்கள். சில நிமிஷம் இப்படிச் செய்தால் படபடப்பு இறங்கும். பழைய காட்சி வந்து மோதும்போது, இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வைத்து, கண்ணால் காணும் ஐந்து பொருளையும், தொடக்கூடிய நாலையும், காதில் விழும் மூன்று சத்தத்தையும், இரண்டு வாசனையையும், வாயில் ஒரு ருசியையும் சொல்லிப் பாருங்கள். "அது அன்னைக்கு, இது இன்னைக்கு" என்று மூளைக்கு அது புரியவைக்கும். அந்தத் தம்பிக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். அவன் எண்ணினதெல்லாம் வலை, கயிறு, மிதவை, மண், நாய். பரவாயில்லை, எண்ணினானே! குடியை விடுவதற்கு டாக்டரிடமும் அனுப்பினேன். நெடுநாள் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். அதற்கு மருத்துவ உதவி அவசியம்.

3. இரண்டாவது, மனம்: பேசவைக்காதே, பேச இடம்கொடு

யோபுவின் சிநேகிதர்களை நாம் எப்போதும் குறைசொல்லுகிறோம். ஆனால் அவர்கள் முதலில் செய்தது மிகவும் நல்ல காரியம். ஏழுநாள் இராப்பகலாய் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் வாய்திறக்கவில்லை (யோபு 2). என்றைக்கு வாய்திறந்து காரணம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்களோ, அன்றைக்குக் கெட்டது காரியம்!

ஒரு காலத்தில் உலகத்தாரும் இதில் தவறினார்கள். பெரும் விபத்து நடந்தவுடனே ஆட்களைக் கூட்டி, ஒரே அமர்வில் நடந்த எல்லாவற்றையும் சொல்லவைத்தால் நோய் வராது என்று நம்பினார்கள். பிற்பாடு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அதனால் நோய் தடுக்கப்படவில்லை, சிலருக்குக் கேடாகவும் முடிந்தது என்று தெரியவந்தது. ஆகையால் உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட மனதுக்கான முதலுதவிக் கையேடு மூன்றே காரியங்களை முன்வைக்கிறது: பார், கேள், இணை. ஆபத்து உண்டா, அவசரத் தேவை என்ன என்று பார். வற்புறுத்தாமல் காதுகொடுத்துக் கேள். தேவையான உதவியோடும் சொந்த ஜனத்தோடும் இணைத்துவிடு.

நமக்குள்ளே சில பழக்கங்கள் உண்டு. "முழுசா சொல்லிடுங்க, அப்பத்தான் விடுதலை வரும்" என்று நெருக்குகிறோம். மேடையேற்றி சாட்சி சொல்லச் சொல்லுகிறோம். ஒருவர் சொன்ன துக்கத்தை ஜெபக்குறிப்பு என்று நாலுபேரிடம் சொல்லிவிடுகிறோம். பிரியமானவர்களே, இது புண்ணைக் குத்துவதாகும். அவர் சொல்லுகிற அளவுக்குக் கேளுங்கள். கேட்டதை உங்களுக்குள்ளே வையுங்கள்.

4. மூன்றாவது, உறவு

இங்கேதான் அந்தக் குடும்பத்தின் பெரிய காயம் இருந்தது. புருஷனும் மனைவியும் ஒரே கொட்டகையில் இருந்தார்கள், ஆனால் மாதக்கணக்கில் பேச்சு இல்லை. மாமியாரோ, இன்னொரு பிள்ளை பெறவேண்டும் என்று நெருக்கினாள். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பின்பு பிள்ளைகளை இழந்த தாய்மார் மறுபடியும் பெறுவதற்கான அறுவை சிகிச்சைக்கு அப்போது அரசாங்கம் உதவிசெய்தது. அதைக் காட்டி ஊரே வற்புறுத்திற்று. அவள் என்னிடம், "அவன் எடத்துல இன்னொண்ண வெச்சா சரியாயிடுமா சிஸ்டர்? அதென்ன ஒடஞ்ச பானையா?" என்றாள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவில் 1950-களிலிருந்தே குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்கவைத்து வைத்தியம் செய்துவந்தார்கள். ஏன்? மனக்காயம் ஒருவருக்குள்ளே மாத்திரம் இருப்பதில்லை, இரண்டு பேருக்கு நடுவிலும் இருக்கிறது. ஆகையால் இருவருக்கும் தூக்கம் ஓரளவு திரும்பின பிறகு, இருவரும் சம்மதித்த பின்பு, சேர்ந்து உட்காரவைத்தேன். நான் அதிகம் பேசவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது என்கிற ஒரு ஒழுங்கு மாத்திரம் வைத்தேன்.

நெடுநேரம் மௌனம். பிறகு அவன், "எங்கையிலதான் இருந்தான். தண்ணி அடிச்சதுல கை வழுக்கிடுச்சு. நான்தான் வுட்டுட்டேன்னு அவ நெனைக்கிறா. அதான் என் மூஞ்சியப் பாக்கமாட்டேங்கிறா" என்றான்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "நான் எப்ப அப்படி நெனச்சேன்? ஞாயித்துக்கெழம கொழம்பு வைக்கணும், தொந்தரவு பண்ணாம அப்பாகூடப் போடான்னு கரைக்குத் தள்ளிவுட்டதே நான்தானே! அதுக்காகத்தான் நீ என்கிட்டப் பேசலன்னு நெனச்சேன்."

கவனித்தீர்களா? ஒருவரும் மற்றவரைக் குற்றப்படுத்தவில்லை. ஒவ்வொருவரும் தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொண்டு, மற்றவருடைய மௌனத்தைத் தீர்ப்பு என்று வாசித்தார்கள்! அன்றைக்குத்தான் மகன் போனதற்காக இருவரும் சேர்ந்து அழுதார்கள். நானும் அழுதேன். ஜெபம் என்று ஒரு வார்த்தையும் என் வாயிலிருந்து வரவில்லை.

இங்கே ஒரு எச்சரிப்பு. எல்லா வீட்டிலும் இப்படிச் சேர்த்து உட்காரவைக்கக் கூடாது. அடிக்கிற புருஷனுக்கு முன்பாக மனைவியை உட்காரவைத்து, "மனசு விட்டுப் பேசும்மா" என்பது அவளை மறுபடியும் அடிக்கு ஒப்புக்கொடுப்பதாகும். மனக்காயத்தைப்பற்றி 1992-ல் புத்தகம் எழுதிய ஜூடித் ஹெர்மன் என்கிற மருத்துவர் இந்த ஒழுங்கைச் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, அடுத்தது நினைத்துத் துக்கிப்பது, அதன்பின் உறவுகளுக்குத் திரும்புவது. வரிசை மாறக் கூடாது. பொறுத்துப்போ என்று சொல்லி ஆபத்துள்ள வீட்டுக்கு ஒரு சகோதரியைத் திருப்பி அனுப்பாதிருங்கள். பெண்களுக்கான 181 என்கிற உதவி எண் இருக்கிறது. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது.

5. நாலாவது, ஆத்துமா

"ஏன் இப்படி நடந்தது?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதுபோல் பேசினதுதான் நான் ஆரம்பத்தில் செய்த பிழை. சங்கீதக்காரர்களும் எரேமியாவும் இதே கேள்வியை ஆண்டவரிடம் கேட்டார்கள். அவர் அவர்களைத் தள்ளிவிடவில்லை. அப்படியிருக்க, கேட்கிறவர்களின் வாயை நாம் ஏன் பொத்தவேண்டும்?

மன்னிப்பையும் அவசரப்படுத்தாதிருங்கள். காயம் இன்னதென்று தெரியுமுன்னே, "மன்னிச்சேன்னு சொல்லுங்க" என்று நெருக்கினால், வாய் சொல்லும், உள்ளம் சீழ்பிடிக்கும். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒருவர் உடைந்திருக்கும் வேளையைச் சபைக்கு ஆள் சேர்க்கும் தருணமாக்காதிருங்கள். உதவிக்கு விலை கேட்டால் அது உதவியல்ல, வியாபாரம்.

6. சபையாய் நாம் செய்யவேண்டியது

எலியாவுக்குக் கடைசியில் ஆண்டவர் என்ன கொடுத்தார்? தனிமையாயிருக்கிறேன் என்றவனுக்கு எலிசாவைத் துணையாகக் கொடுத்தார். நாமும் துணையாய் இருக்கலாம். துக்க வீட்டுக்கு முதல் வாரத்தில் நூறுபேர் போகிறோம். மூன்றாம் மாதத்தில் யார் போகிறார்கள்? அப்போது ஒரு தூக்குப்பாத்திரத்தில் குழம்பு கொண்டுபோங்கள். இறந்தவருடைய பெயரைச் சொல்லிப் பேசுங்கள். வருஷம் திரும்புகிற அந்தத் தேதியை நினைவில் வைத்துப் போய்ப் பாருங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவரை, "விசுவாசம் இருந்தா தூக்கிப் போடுங்க" என்று ஒருநாளும் சொல்லாதிருங்கள். டாக்டரைக் கேளாமல் மருந்தை நிறுத்திச் சிரமப்பட்டவர்களை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டே நாம் ஜெபிக்கவில்லையா?

சாகவேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதைச் சாதாரணமாய் எடுக்காதிருங்கள். அவரைத் தனியே விடாமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். 2022-லிருந்து மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை நடக்கிறது. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாய்த் தமிழிலேயே பேசலாம். "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து மறைக்காதிருங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும் என்று 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லுகிறது.

முடிவாக

அந்தக் குடும்பம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஒரே நாளில் எல்லாம் மாறிப்போயிற்று என்று சொல்லமாட்டேன். அவன் முதலில் கரையிலிருந்து மற்றவர்களுக்கு வலை பின்னிக் கொடுத்தான். பல மாதம் கழித்தே படகில் கால்வைத்தான். நடுவில் இரண்டுமுறை குடியில் விழுந்தான், எழுந்தான். அறுவை சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதை ஊர் தீர்மானிக்காமல் அவர்கள் இருவருமே பேசித் தீர்மானித்தார்கள். என்ன தீர்மானித்தார்கள் என்பது அவர்கள் வீட்டுக் காரியம். இன்றைக்கும் டிசம்பர் 26 காலையில் அவள் அடுப்பு மூட்டுவதில்லை. இருவரும் சேர்ந்து கரைக்குப் போய்ப் பாலூற்றிவிட்டு வருகிறார்கள்.

ஒருநாள் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "முகாமுல அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றேன். அவள் சற்றுநேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க கையப் புடிச்சது நல்லாத்தான் இருந்துச்சு சிஸ்டர். பேசாம இருந்திருந்தா இன்னும் கொஞ்சநேரம் புடிச்சிக்கிட்டு இருந்திருப்பேன்."

பிரியமானவர்களே, நம்மிடத்தில் வார்த்தைகள் ஏராளம். உடைந்தவர்களுக்குத் தேவை கொஞ்சம் சோறு, கொஞ்சம் தூக்கம், கேட்கிற ஒரு காது, விட்டுவிடாத ஒரு கை. அந்தக் கையாய் இருக்க ஆண்டவர் நம்மைப் பழக்குவிப்பாராக.

வீட்டுக் கூட்டங்களில் சிந்திக்க:

1. துக்கத்தில் இருந்த ஒருவரிடம் நான் சொன்ன எந்த வார்த்தை அவரைப் புண்படுத்தியிருக்கலாம்? அவரிடம் போய்ப் பேசமுடியுமா?

2. என் வீட்டில் யாருடைய மௌனத்தை நான் குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்?

3. மூன்று மாதத்துக்கு முன் துக்கம் நடந்த எந்த வீட்டுக்கு இந்த வாரம் நான் போகப்போகிறேன்?